ஓட வேண்டாமென்று ஒரு வார்த்தை

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, முற்பகல்

அருமை மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான் நலம். தாங்கள் அங்கே நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று எண்ண வேண்டாம். காது மந்தமானதிலிருந்து நான் பேசுவது இரண்டு மாடிக்குக் கேட்கிறது. இச்செய்தியோ அடுத்த அறையிலிருக்கும் தங்கள் மனைவிக்குக் கேட்கக் கூடாதது.

முதலில் ஒரு சிறு திருத்தம். தாங்கள் அனுப்பிய பயிற்சி அட்டவணையில் போட்டி நாள் ஏப்ரல் 27, சனிக்கிழமை என்றிருக்கிறது. அன்று ஞாயிறு. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவதற்கு முந்தின நாளே போய் நின்றால், பந்தல் போடுகிறவர்கள்தான் கைதட்டுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தகப்பன் மருமகனுக்கு எழுதக் கூசுகிற செய்திதான். எழுத வேறு ஆளில்லை. சென்ற ஆண்டு ஜனவரியோடு என் மகளுக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. அதற்கும் முன்பிருந்தே அவளுக்குச் சரியான தூக்கமில்லை. உடம்பு திடீரெனக் கொதித்து, உடுத்திய துணி நனைந்து, எழுந்து மாற்றிக்கொள்வாள். விடிந்ததும் அதே உடம்போடு ஏரியைச் சுற்றி ஓடப் போவாள். கால் முன்போல் சொன்னபடி கேட்கவில்லை. அவள் கைக்கடிகாரம் அனுப்பும் கணக்கை அங்கிருந்தபடியே பார்த்த தாங்கள், பயிற்சி போதவில்லையென்று தூரத்தைக் கூட்டினீர்கள். அவளோ, எடை போட்டதுதான் காரணமென்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். இருவரும் நல்லெண்ணத்தோடு செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மார்ச் 3, திங்கட்கிழமை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். ஸ்கேன் எடுத்ததில், தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் கீறல் விழுந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் ஒரு பெண்மணி. அவரும் ஐம்பதைத் தாண்டியவர்தான். "மாசாமாசம் வர்றது நின்னுபோச்சுன்னா எலும்பு பலம் குறையும்மா. நீங்க சாப்பாட்டக் குறைச்சு, ஓட்டத்தக் கூட்டியிருக்கீங்க. அது எங்க தாங்கும்? இதோட ஓடினா முறிஞ்சே போயிடும்" என்று கடிந்துகொண்டு, ஊன்றுகோல் கொடுத்தார். ஆறிய பிறகு வயிறாரச் சாப்பிட்டு, எடை தூக்கிப் பழகி, மெல்ல வேறு விதமாகத் தொடங்கலாம் என்றும் சொன்னார். அந்தப் பிற்பாதி தங்கள் மனைவியின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அதன் பிறகும் அவள் ஓடிய கணக்கு வந்துகொண்டுதானே இருக்கிறது என்று தாங்கள் கேட்பீர்கள். மாப்பிள்ளை, ஓடுவது அவளல்ல. அவளுடைய ஓட்டத் தோழியான மருந்துக்கடைப் பெண் அக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாள். அந்தப் பெண்ணுக்கு வயது முப்பத்திரண்டு. "அக்கா, இன்னிக்கு வேணும்னே மெதுவாத்தான் ஓடினேன். உங்க வீட்டுக்காரர் கண்டே பிடிக்க மாட்டார்" என்று என் எதிரிலேயே கழற்றிக் கொடுத்தாள். "நீ மெதுவா ஓடினதே நான் பறந்த மாதிரி இருக்குடி" என்று இவள் சிரித்தாள். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, தாங்கள் வீடியோவில் அழைத்து, "பாத்தியா, பழையபடி வந்துட்டே! எல்லாம் மனசுதான்னு நான் சொன்னேன்ல?" என்று மகிழ்ந்தீர்கள். அவள் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டு, "ஆமாங்க" என்றாள். பேசி முடித்தபின் குளியலறைக் குழாய் நெடுநேரம் திறந்தே இருந்தது. அவள் குளிக்கவில்லை.

நேற்று ஓட்டக் காலணியை எடுத்துத் துடைத்தாள். எதற்கென்று கேட்டேன். அவர் விமானச் சீட்டு எடுத்துவிட்டார், சேர்ந்து ஓடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடுவேன் என்றாள். நான் சத்தம் போட்டேன். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று கெஞ்சவும் செய்தேன். அவள் சொன்ன பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "ஓட்டமும் இல்லேன்னா எனக்கும் அவருக்கும் பேசறதுக்கு வேற என்னப்பா இருக்கு?"

நானும் யோசித்துப் பார்த்தேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானல்ல.

இக்கடிதம் வந்து சேரப் பத்து நாளாகும் என்றார்கள் அஞ்சலகத்தில். கிடைத்த அன்றே அவளைக் கூப்பிடுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டாம். ராத்திரி தூங்கினாயா என்று கேளுங்கள். தூங்கினேன் என்பாள். உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விடாமல், சற்று நேரம் சும்மா இருங்கள். பிறகு, ஓட வேண்டாம் என்று தங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் பேச்சு எடுபடவில்லை. நான் எழுதியதை அவளிடம் மறைக்கவும் வேண்டாம், என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

விமானச் சீட்டை ரத்து செய்துவிடாதீர்கள். கூடுமானால் ஏப்ரல் 27க்கு முன்னதாகவே வாருங்கள். கூடத்திலிருந்து சமையலறை வரை போவதற்கே இரண்டு இடத்தில் நின்றுதான் போகிறாள். அவள் நிற்கும்போது தானும் நின்று, கூடவே நடக்க ஓர் ஆள் வேண்டும். வருகிற ஆகஸ்ட் 9 அன்று எனக்கு எண்பத்திரண்டு முடிகிறது.

தாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாய் நெடுங்காலம் இருக்க வேண்டுமென்று மனமார வேண்டும்,

தங்கள் மாமனார்