மயிலின் மேல் செய்த சத்தியம்

புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

தலை பிளக்கிறது. இடக்கண்ணின் மேல் ஒரு பச்சைத் துணி. கட்டியவன் நானேதான்.

நேற்று விருந்தில் வறுத்த மயிலைத் தோகையோடு கொண்டுவந்து வைத்தார்கள். வழக்கப்படி ஆளுக்கொரு சத்தியம் செய்யத் தொடங்கினோம். என் முறை வந்தபோது கோஷே சிரித்தார். "உங்க கோட்டைச் சுவரை எங்க வீட்டு ஆடே தாண்டிடும் போலிருக்கே, சம்பந்தி!" சபையே சிரித்தது. மயிலின் மேல் கையை வைத்தேன். அவருடைய மோன்ரூ கோபுரத்துக்கு நான் எஜமான் ஆகும்வரை இந்தக் கண்ணைத் திறப்பதில்லை என்று கத்தினேன்.

என் மகள் அலிஸ் வாழ்க்கைப்பட்ட வீடு அது. குடித்திருந்தவனுக்கு அது எங்கே ஞாபகம் வரும்?

மனைவி இசபோ இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

திருவருகைக் காலம், இரண்டாம் செவ்வாய்

பேசிவிட்டாள்.

"பொண்ணு வாயும் வயிறுமா இருக்கா. அவ புகுந்த வீட்டுக்கா ஏணி போடப் போறீங்க?"

"சத்தியம் பண்ணிட்டேனே, இசபோ."

"மயில்கிட்டதானே பண்ணீங்க? அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! வாக்குத் தவறிய பிரபுவின் கொடிக்குக் கீழே எந்த வீரன் நிற்பான்? இவளுக்கு இது புரியாது. எனக்கு மட்டும் புரிகிறதா என்ன?

அண்ணன் சாகாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் மடத்தில் இருந்திருப்பேன், எழுதக் கற்றுக்கொண்ட அதே மேசையில். அங்கே மயிலும் கிடையாது, கோஷேயும் கிடையாது.

மூன்று அரசர் திருநாள்

ஒற்றைக் கண்ணால் ஊற்றினால் மது கோப்பையில் விழுவதில்லை. படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்தேன்.

இந்தத் திருநாட்கள் முடியும்வரை வாளை உருவக் கூடாதென்பது திருச்சபையின் கட்டளை. அதைச் சாக்காக வைத்து இதுவரை ஓட்டினேன். இன்னும் எட்டு நாளில் அதுவும் தீர்ந்துவிடும். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், மறுபடி தடை. அதற்குள் போயாக வேண்டும். என் குதிரைப் படைத் தலைவன் ஓப்ரி ஏணிகளைச் செய்து முடித்துவிட்டான். அவனுக்கு ஏன் இத்தனை சுறுசுறுப்பு?

சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள்

போனோம். நாற்பது குதிரைகள். மோன்ரூ குன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேல் ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சின்னச் சின்னத் துணி. பிறக்கப்போவதற்கு அலிஸ் இப்போதே துவைத்து வைக்கிறாள். இவள் வயிற்றில் இருந்தபோது இசபோவும் இப்படித்தான் செய்தாள்.

"கொம்பு ஊதச் சொல்லட்டுங்களா, பிரபு?" என்றான் ஓப்ரி.

"வேணாம். திரும்புங்க."

"அப்போ அந்தக் கண்ணு?"

"கண்ணு என்னோடது. நீ குதிரையைத் திருப்புடா!"

வரும் வழியில் பின்னாலிருந்து எவனோ மயில் மாதிரி அகவினான். படை முழுக்க அடக்க முடியாத சிரிப்பு. அவமானத்தில் காது எரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. நான் சத்தியத்தை மீறவில்லையே — துணி கண்ணிலேயே இருக்கிறது. சாகும்வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

புனித வியாழன்

ஆண் குழந்தை. அலிஸ் நலம். கடவுளே, நன்றி.

உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள்

திருமுழுக்குக்காக மோன்ரூ போனோம். வாசலிலேயே கோஷே வழிமறித்தார். கையில் கோபுரச் சாவி. எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னார்:

"அன்னிக்கு ஏணியோட வந்து நின்னீங்க, சம்பந்தி. மேலேருந்து நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்த ஆட்டுப் பேச்சு என் தப்பு. இந்தாங்க, சாயங்காலம் வரைக்கும் இதுக்கு நீங்கதான் எஜமான். கொடியையும் ஏத்திக்கங்க. அந்தக் கந்தலை மட்டும் கழட்டிடுங்க, பிள்ளை பயந்துக்கும்."

பிச்சை போடுகிறாரா? ஒரு கணம் ரத்தம் கொதித்தது. இசபோ என் முழங்கையைக் கிள்ளினாள். சாவியை வாங்கிக்கொண்டேன். துணியை அவிழ்த்ததும் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிவைத்தேன்.

ஓப்ரி என் கொடியைக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றினானாம். நான் பார்க்கப் போகவில்லை.

மாலை மணி அடித்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அரை நாள் நான் மோன்ரூவின் எஜமான். அந்த அரை நாளும் தொட்டிலின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.