மறுபடி நட்ட வயலுக்கு வந்த நிவாரணம்

என் உயிரான அப்பா பக்கிரிக்கு,

கீழ்வேளூர் பக்கம் இந்தக் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. உன் வயல் முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்தபோது பாதிப் பயிர் அழுகிக் கிடந்தது. அரசாங்கம் நிவாரணம் தரும், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்று ஊரே வயலை அப்படியே போட்டுவிட்டுக் காத்திருந்தது. உன் மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. வயல் நாறிக் கிடக்கையில் எனக்குச் சோறு எப்படி இறங்கும்? மேட்டுப் பக்கம் பயிர் தப்பியவர்களிடம் கெஞ்சி, அடர்ந்து நின்ற இடங்களில் கொஞ்சம் பிடுங்கி வந்து, அழுகிய இடமெல்லாம் நட்டுவிட்டேன்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. அதிகாரிகள் வந்த அன்று, நம் பக்கம் பச்சையாக நின்றது உன் வயல் ஒன்றுதான்.

நீ உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும், அப்பா. வேளாண்மை ஆபீசர் அம்மா செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு நம் சேற்றில் இறங்கினார். பண்ணை வீட்டுத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க உனக்கு வாய்க்கவில்லை. இவரோ நம் வயலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார். எனக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

"பயிரு நல்லாத்தானேம்மா இருக்கு? இதை எப்படிச் சேதம்னு எழுதறது?"

"அழுவிப்போச்சுங்க. நான்தான் திரும்ப நட்டேன்."

"அதுக்கு யாரு சாட்சி?"

அந்தப் பணம் வராவிட்டால் குறுவைக்கு விதை வாங்க வழியில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அப்போது பக்கத்து வரப்பிலிருந்து பண்ணை வீட்டுச் சின்னவர் வந்தார். உச்சவரம்புச் சட்டத்தில் அவர்கள் நிலம் உனக்குப் பட்டாவானபோது, ஆள் விட்டு உன் முதல் நடவைப் பிடுங்கி எறிந்த வீடு அது. மறுநாளே நீ மறுபடி நட்டாய். அப்புறம் கோர்ட்டுக்கு இழுத்து உன்னை நடையாய் நடக்க வைத்தார்கள். நீ ஜெயித்த நாளிலிருந்து நம்மோடு பேச்சுவார்த்தை கிடையாது. கெடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"இது அழுவிக் கெடந்ததை நான் பார்த்தேன்மா. என் வயலுக்கு அடுத்த வயலு. நான் சாட்சி, எழுதிக்குங்க."

ஆபீசர் அம்மா போனில் தட்டிக்கொண்டே, "உங்க அப்பா பேரு?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவரே சொன்னார்:

"பக்கிரி அண்ணன் பொண்ணு."

அண்ணன் என்றார், அப்பா. அரை டிராயர் போட்ட வயசிலேயே உன்னை 'டேய் பக்கிரி' என்று கூப்பிட்ட வாய். என்ன நினைத்துச் சொன்னார்? மறுபடி நட்ட வயலைப் பார்த்ததும் அன்றைக்குப் பிடுங்கிய நடவு நினைவுக்கு வந்ததா? கேட்க எனக்குத் தைரியமில்லை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

போன வாரம் பேங்கில் பணம் ஏறிவிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் டீக்கடையில் உட்கார்ந்து, நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம் என்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறேன். நான் திருப்பூர் போகவில்லை, அப்பா. குறுவைக்கு விதை வாங்கப்போகிறேன். இன்னும் நம்ப முடியவில்லை.

சித்திரை முதல் நாள், வருஷத்தின் முதல் உழவுக்கு நல்லேர் பூட்டும்போது, சின்னவரை நம் வயலுக்கு அழைத்து என் கையால் வெல்லம் கலந்த காப்பரிசி கொடுப்பேன். வாங்கிக்கொள்வாரோ, மாட்டாரோ. வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, வயலை மட்டும் விட மாட்டேன். அழுகினால் மறுபடி நடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
பக்கிரி அண்ணன் பொண்ணு
செல்வி