அறுபத்தொண்ணுல நின்ன கம்ப்யூட்டர்

சிரஞ்சீவி பிரசாதுக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. நீயும் சுப்ரியாவும் கால்கரியில சௌக்கியமா இருக்கணும்னு தினமும் விளக்கேத்தும்போது வேண்டிக்கறேன். இங்கே மட்டாஞ்சேரியில அப்பாவும் நானும் இன்னிக்கு சௌக்கியம். இன்னிக்குன்னு எழுதக் காரணம் இருக்கு, போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் சௌக்கியமில்லை. போன்ல சொன்னா நீ வேற எதையோ பார்த்துண்டே ம் கொட்டுவே, அதனால பேனாவை எடுத்திருக்கேன். மலையாளத்துல எழுதினா மடமடன்னு ஓடிடுவே. தமிழ்னா எழுத்துக் கூட்டித்தான் நோக்கு வாசிக்க வரும், அதுக்காகவே தமிழ்ல எழுதறேன்.

செவ்வாய்க்கிழமை காலம்பற நீ அங்கேர்ந்தே எங்க கம்ப்யூட்டருக்குள்ள கையை விட்டு, பழைய சிஸ்டத்துக்கு இனிமே கம்பெனிக்காரா பாதுகாப்பு தர மாட்டா, புதுசா மாத்தியே ஆகணும், ஒரு மணி நேரம்தான்னு சொல்லி எதையோ அமுக்கினே. அப்புறம் தூக்கம் வரதுன்னு போயிட்டே. அது நூத்துக்கு அறுபத்தொண்ணு சதமானம் வரைக்கும் நன்னா ஓடித்து. அங்கே நின்னுது. நின்னதுன்னா ஒரேயடியா நின்னுது, ஏழு மணி நேரம். திரையில ஒரு வட்டம் சுத்தறது, கீழே கம்ப்யூட்டரை அணைக்காதேங்கோ, இதுக்குக் கொஞ்ச நேரமாகும்னு ஒரு வரி. கொஞ்ச நேரம்னா எத்தனைன்னு சொல்ல அதுக்கு யோக்யதை கிடையாது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில முப்பத்தோரு வருஷம் லைன் பார்த்தவ. எங்கேயாவது லைன் போச்சுன்னா எந்தக் கம்பத்துல போச்சு, எப்போ சரியாகும்னு ஆள்கிட்ட சொல்லியாகணும். உலகம் முழுக்க வித்துக் காசு பாக்கறவாளுக்கு அந்த மரியாதை தெரியல்லை. நீ எழுந்து போன் பண்ணினப்போ ஸ்விட்சை அமுக்கி அணைச்சுட்டுத் திரும்பப் போடச் சொன்னே. போட்டேன். திரும்பவும் ஓடி அதே அறுபத்தொண்ணுல போய் உக்காந்துடுத்து. அடுத்த போன்ல நீ சொன்னதும் அதேதான், அணைச்சுப் போடு. அஞ்சு தடவை அணைச்சுப் போட்டேன். இதுக்கா உன்னை நாலு வருஷம் என்ஜினீயரிங் காலேஜுக்கு அனுப்பினோம்னு கேக்கத் தோணித்து, சுப்ரியா பக்கத்துல இருந்தா, அதனால கேக்கல்லை.

நோக்கு ஓர்மை இல்லாம இருக்கலாம், அதனால எழுதறேன். அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்ததுல வலது கையும் நாக்கும்தான் போச்சு. புத்தி போகல்லை. இடது கை விரலால அந்தப் பெரிய விசைப்பலகையில எழுத்தைத் தட்டினார்னா கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். அதுதான் அவர் பேச்சு. ஒரு வருஷமா ஒண்ணொண்ணா சேர்த்து நானூறு வாக்கியம் அதுக்குள்ள வெச்சிருக்கார், வெந்நீர் வேணும், கால் மரத்துப் போச்சு, பேப்பர் எங்கே, எல்லாத்துக்கும் ஒரே தட்டு. அதையெல்லாம் வேற ஒரு இடத்துல நகல் எடுத்து வெக்கறேன்னு நீ ஓணத்துக்கு முன்னாடி சொன்னே. எடுத்தியா? இல்லை. போன்ல தட்டிப் பார்க்கட்டும்னு அவர் கையில கொடுத்தேன், அந்தப் பொடி எழுத்துல விரல் பட்டா பக்கத்து எழுத்துதான் விழறது, ரெண்டு தடவை பார்த்துட்டுக் கீழே வெச்சுட்டார். ஆக நீ ஒரு மணி நேரம்னு சொல்லிட்டுப் போனதுல அப்பா நாலு நாள் ஊமையா இருந்தார்.

புதன்கிழமை உன் சித்தப்பா விஸ்வநாத் போர்ட் கொச்சியிலேர்ந்து ஸ்கூட்டர்ல வந்தான். டூரிஸ்ட்டுக்கு விடற ரெண்டு ரூமை இன்டர்நெட்டுல போட்டோ பிடிச்சுப் போட்டிருக்கான், அதனால கம்ப்யூட்டர் சாஸ்திரம் முழுக்கத் தனக்கு அத்துப்படின்னு அவன் நினைப்பு. வந்தவன் திரைக்கு முன்னாடி கையைக் கட்டிண்டு நின்னு, இது சர்வர்ல ப்ராப்ளம் மன்னின்னான். எந்த சர்வர்னு கேட்டேன். மெயின் சர்வர்னான். நம்ம இன்டர்நெட் வயரைப் பிடுங்கிட்டுச் சொருகினான், மானிட்டரைத் தட்டினான், கடைசியில ஃபேனைப் போடச் சொன்னான், கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாதாம். அப்பாகிட்ட மட்டும் செவிடன்கிட்ட பேசற மாதிரி கத்திக் கத்திப் பேசினான். அப்பாவுக்குக் காது எத்தனை நன்னா கேக்கும்னு நோக்கே தெரியும். அப்படிக் கத்தினதுக்கு நடுவுல, நம்மாத்து முன் அறையை அடைச்சு டூரிஸ்ட் ரூம் பண்ணிடலாம், அண்ணாவை உள் அறைக்கு மாத்திடலாம்னு ஒரு யோசனையும் சொன்னான். அப்பா தொண்டையில ஒரு சத்தம் பண்ணினார். அதை இவன் சம்மதம்னு எடுத்துண்டான். நான் வேண்டாம்னேன். அண்ணாவே சரின்னாச்சு, உங்களுக்கென்ன மன்னின்னு கேட்டுட்டுப் போனான். நானும் அன்னிக்குக் கண்ணைத் திறந்துண்டா இருந்தேன், இல்லை. மனசெல்லாம் அந்த அறுபத்தொண்ணுல இருந்தது.

வியாழக்கிழமை தோப்பும்படியில படகு ரேடியோவும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பண்ற கடை ஒண்ணுலேர்ந்து ஒரு ஆளை வரச் சொன்னேன். வந்தான், உக்காரக்கூட இல்லை, ஒரு நிமிஷம் பார்த்தான், எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடணும்னான். உள்ள இருக்கற நானூறு வாக்கியம் என்னாகும்னு கேட்டேன். போகும், வேற அடிச்சுக்கலாமே சேச்சின்னான். ஒரு வாக்கியம் அடிக்க அவருக்கு மூணு நிமிஷம் ஆகும்னு சொன்னேன். அவருக்கு என்ன அவசரம்னு கேட்டான். அவனை வாசல் வரைக்கும் கொண்டு விட்டுக் கதவைச் சாத்தினேன், சாயா கொடுக்கல்லை. இதையும் எழுதறேன், கூச்சமாத்தான் இருக்கு. இந்த நாளெல்லாம் அப்பா இடது கையைத் தூக்கி மேசைப் பக்கம் நீட்டிண்டே இருந்தார். மேசைக்குப் பின்னாடி ஜன்னல். காத்து வேணுமாக்கும்னு ஜன்னலைத் திறந்தேன். திரும்பவும் நீட்டினார், சாத்தினேன். வெய்யில் அடிக்கறதுன்னு ஜன்னல் திரையை இழுத்து விட்டேன். தண்ணி கொடுத்தேன். அவர் தலையைத் திருப்பிண்டார். முப்பத்தாறு வருஷம் கூட இருந்திருக்கேன், மெஷின் இல்லாட்டாலும் அவர் மனசு நேக்குத் தெரியும்னு அடுத்தாத்துக் கங்காகிட்ட பெருமையாச் சொன்னேன் பாரு, அதை இப்போ நினைச்சா என் வாயிலேயே ஒண்ணு போட்டுக்கலாம்னு இருக்கு. அன்னிக்கு சாயங்காலம் விஸ்வநாத் ஒரு ஆசாரியைக் கூட்டிண்டு வந்தான், முன் அறையை அளக்கறதுக்கு. அப்பா அந்த அறையிலேயே நாற்காலியில உக்காந்திருக்கார், அவரைச் சுத்தி டேப்பை நீட்டி அளந்தா. அப்பா இடது கையால நாற்காலிக் கையை ரெண்டு தட்டுத் தட்டினார், திரும்பவும் ரெண்டு. அண்ணாவுக்கு சந்தோஷம் பார்த்தேளான்னான் அந்த மடையன்.

வெள்ளிக்கிழமை காலம்பற மேசைக்கு அடியில குனிஞ்சு கரண்ட் வயரையெல்லாம் ஒரு தடவை பார்த்தேன், ஒண்ணுமில்லை. எழுந்திருக்க முடியல்லை, முட்டி வலிச்சுது, அப்பா நாற்காலிக்குப் பக்கத்துல தரையிலேயே உக்காந்துட்டேன். அவர் கையை நீட்டினார். அவர் உசரத்துக்குக் கிட்டத்தட்ட இருந்து பார்த்தப்போதான் தெரிஞ்சுது, விரல் ஜன்னலுக்குப் போகல்லை, அதுக்குக் கீழே இருக்கற பழைய பிரிண்டருக்குப் போறது. எழுந்து பிரிண்டரைத் தொட்டேன். நாற்காலிக் கையில ரெண்டு தட்டு. அதுலேர்ந்து கம்ப்யூட்டருக்குப் போற வயரைத் தொட்டேன். ஒரே தட்டு. வயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டேன். அது ஓடி ஓடி அறுபத்தொண்ணுக்கு வந்தது, நான் அடுக்களைக்குப் போயிட்டேன், பார்க்கத் தைரியமில்லை. சாதம் வடிச்சுட்டு வந்து பார்க்கறேன், அறுபத்தி நாலு. அப்பா திரையைப் பார்க்கல்லை, என்னைப் பார்த்துண்டிருந்தார். மத்தியானம் ரெண்டு மணிக்கு மூணு தடவை தானா அணைஞ்சு எழுந்துண்டு பழையபடி வந்துடுத்து. நானூறு வாக்கியமும் இருக்கு, எண்ணிப் பார்த்தேன்.

நாலு மணிக்கு விஸ்வநாத் அதே ஆசாரியோட வந்து நின்னான், வேலையை ஆரம்பிக்கறதுக்கு. கம்ப்யூட்டர் சரியானதைப் பார்த்தான். பொறுமையா இருந்தா தானா வரும்னு நான் அன்னிக்கே சொன்னேனே மன்னின்னு ஆரம்பிச்சான், சர்வர் எப்படி வேலை செய்யறதுன்னு ஆசாரிக்கு வேற விளக்கினான். அப்பா தட்டிண்டே இருந்தார். இவன் நிறுத்தல்லை. அப்புறம் கம்ப்யூட்டர்லேர்ந்து அந்த ரேடியோக்காரி மாதிரியான குரல் வந்தது. "விஸ்வநாதா, முன் அறையைத் தர மாட்டேன். நேத்திக்கு நான் சம்மதிக்கல்லை. இது என் அறை. சாயா குடிச்சுட்டுப் போ." ஆசாரிதான் முதல்ல டேப்பைச் சுருட்டிப் பையில போட்டான். விஸ்வநாத் சாயா குடிக்கல்லை.

அவா போனதும் அப்பாகிட்ட உக்காந்து, பிரிண்டர்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி நான் பாலக்காட்டுல அக்கா ஆத்துக்குப் போயிருந்தப்போ ஒரு சின்ன அப்டேட் இதே மாதிரி நின்னுதாம், ஒவ்வொரு வயரா எடுத்துப் பார்த்து இவரே கண்டுபிடிச்சாராம். இதைத் தட்டி முடிக்க எட்டு நிமிஷம் ஆச்சு. முதல் நாளே சொல்லியிருக்கலாமேன்னு ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். அதுக்கு அவர் தட்டினது நாலே வார்த்தை.

"நீ என்னைக் கேக்கல்லையே, கற்பகம்."

பிரசாதே, நான் உன்னைக் கேட்டேன், விஸ்வநாத்தைக் கேட்டேன், தோப்பும்படிக்காரனைக் கேட்டேன், கம்பெனி நம்பருக்குப் போன் பண்ணி நாற்பது நிமிஷம் பாட்டு கேட்டேன். அறைக்குள்ள இருந்த மனுஷனைக் கேக்கல்லை. ஆமாம்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு, ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக் கொடுத்தது, அதுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். பிரிண்டரா, வயரா, ரூம் விஷயம் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா செவ்வாய்க்கிழமை சாயங்காலமே முடிஞ்சிருக்கும். விஸ்வநாத்தை மடையன்னு மேலே எழுதியிருக்கேன், அதை அடிக்கல்லை, ஆனா அந்த வரிசையில என்னையும் சேர்த்துக்கோ. நீயும் தப்பிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா எடுத்ததும் என்கிட்ட அப்பா எப்படி இருக்கார்னு கேக்கறே, பின்னால அப்பாவைக் காமிச்சா கையை ஆட்டிட்டு வெச்சுடறே. ஒரு வருஷத்துல அவர் உனக்குப் பதில் சொல்லி முடிக்கற வரைக்கும் நீ ஒரு தடவைகூட இருந்ததில்லை.

இனிமே அவர்கிட்ட நேரா கேளு. மூணு நிமிஷம் ஆகும், ஆகட்டும், நடுவுல நீ பேசக் கூடாது. அந்த நானூறு வாக்கியத்தையும் நானே ரெண்டு பென் டிரைவ்ல நகல் எடுத்தாச்சு, நீ சிரமப்பட வேண்டாம். இனிமே இந்தக் கம்ப்யூட்டர்ல எதை அமுக்கினாலும் அப்பாவைக் கேட்டுட்டு அமுக்கு. குளிருக்குக் காதை மூடிக்கோ, வெறும் வயத்துல காப்பி குடிக்காதே, சுப்ரியா சொல்றதைக் காது கொடுத்துக் கேளு. பகவான் உங்க ரெண்டு பேரையும் நன்னா வெச்சுக்கட்டும்.

முடிக்கறதுக்கு முன்னாடி, பிரசாதுக்கு என்ன எழுதணும்னு அப்பாகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சுத் தட்டினார், அங்கே பனி விழ ஆரம்பிச்சாச்சான்னு கேக்கறார். பதிலை நேக்கு எழுத வேண்டாம். அவர்கிட்ட சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
கற்பகம் வைத்தீஸ்வரன்