பதின்மூன்று ஒன்றுகள்

நவம்பர் 11, செவ்வாய்

அப்பாவுக்கு மில்லில் காலை ஷிஃப்ட். விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வார். ஜன்னலில் விழும் தெருவிளக்கு போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கணிதக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளிக் கணித மன்றத்தின் எண் 1111111111111. பதின்மூன்று ஒன்றுகள். நூற்றுக்குள் இருக்கும் பகா எண் ஏதாவது இதை மீதியில்லாமல் வகுக்குமா என்று பார்க்க வேண்டும். பள்ளிக் கால்குலேட்டரில் பன்னிரண்டு இலக்கம்தான் பிடிக்கும். அதனால் கையால்தான். வெங்கடேஸ்வரி டீச்சர் ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார். எனக்கு 53. 73-ஓடு ஆள் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை டீச்சரே எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

நவம்பர் 12

தளவாய்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போட்டேன். மீதி 6. ஒரு தடவைதான். டீச்சர் "ரெண்டு தடவையா?" என்றதற்குத் தலையாட்டிவிட்டேன்.

யாருக்கும் சரியாக வகுபடவில்லை. கண்காட்சிக்குச் சார்ட் எழுதப்போவது மன்றத்து ஜெபா.

நவம்பர் 16, ஞாயிறு

கண்காட்சியில் நான் ஒரு வகுத்தல் போட்டுக் காட்ட வேண்டும். பழகிப் பார்க்க 53-ஐயே எடுத்தேன். கடைசிக்கு முந்தின வரி: 461-ல் 424 போனால் 37. பஸ்ஸில் 27 என்று எழுதியிருக்கிறேன். 37-க்குப் பக்கத்தில் கடைசி ஒன்றை இறக்கினால் 371. ஏழு ஐம்பத்து மூன்று 371.

மீதி இல்லை. மறுபடி போட்டேன். இல்லை.

ஜெபா தங்க நிறத்தில் எழுதி முடித்துவிட்டாள் — "நூற்றுக்குள் இதை வகுக்கும் பகா எண் எதுவுமில்லை."

பார்த்து எழுதியதற்காக மாரிச்செல்வியைப் போன வருஷம் மன்றத்தை விட்டே எடுத்தவர் டீச்சர். எனக்கு அந்த மன்றத்தை விட்டால் என்ன இருக்கு? சொல்லாம விட்டா? அங்க யாராவது போட்டுப் பாத்துட்டா? ஆண்டவரே.

நவம்பர் 17

சொல்லிவிட்டேன்.

"டீச்சர், அம்பத்து மூணு வகுபடுது. நான் ஒரு தடவதான் போட்டேன். பொய்யாத் தலையாட்டுனேன்."

டீச்சர் தாளை வாங்கித் தானே போட்டார். பிறகு, "செத்த நேரம் நில்லு" என்று தன்னுடைய கணக்கையும் எடுத்தார். 79-ல் பேனா நின்றது.

"ஏட்டி அக்சா, நான் போட்டதும் தப்பு! எழுபத்தொம்பதும் வகுபடுது. அடுப்புல பால வச்சிட்டுப் போட்டேன். பாலும் பொங்கிருச்சு, கணக்கும் போச்சு."

சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

"கணக்குத் தப்புனதுக்கு ஒண்ணுமில்ல. தலையாட்டுனதுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல நீயே நின்னு நடந்ததச் சொல்லணும்."

மன்றத்தில் தன் தப்பை முதலில் சொன்னார். அதற்குப் பிறகு நான் என்னுடையதைச் சொன்னேன்.

"ஒரு தங்கப் பேனா முழுசாத் தீந்துச்சேட்டி, பாவி!" என்றாள் ஜெபா. புதுச் சார்ட்டைத் தரையில் விரித்ததும் அவள்தான்.

நவம்பர் 18

ஸ்தோத்திரம் ஆண்டவரே. நேற்று தூங்கினேன்.

நவம்பர் 20, வியாழன்

கண்காட்சி. சார்ட்டில் இப்போது 53 × 79 × 265371653. எப்படித் தவறவிட்டோம் என்று பஸ் முதல் பால் வரை சொன்னேன். ஜனங்கள் சிரித்தார்கள், கேலியாக இல்லை. நடுவர் கடைசி எண்ணைத் தொட்டு, "இது பகா எண்ணாம்மா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம்.

"தெரியாது சார். இன்னும் வகுத்துப் பாக்கல."

அவர் குறித்துக்கொண்டு போனார். பரிசு இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ராஜபாளையம் வரும்வரை நான் அசையவில்லை.

நவம்பர் 24

265371653-ஐ வகுக்க ஆரம்பித்துவிட்டோம், 101-லிருந்து. இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பேர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல். 101 டீச்சருக்கு. டீச்சருக்கு ஜோடி நான் — அவரே என் பெயரைச் சொன்னார்.

இரண்டு தடவை போட்டேன். இரண்டிலும் மீதி 11.

நாளைக்கு நான் கேட்க வேண்டும்: "ரெண்டு தடவையா டீச்சர்?"