கட்டைவிரல் கேட்ட தண்ணீர்

என் அருமை அப்பாவுக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே வார்த்தை: "இந்தாங்கப்பா." டம்ளர் என் கையில்தான் இருந்தது. உங்கள் வாய்க்கும் அதற்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை.

பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபின், உங்களைப் பேசவைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பேச்சு வராத குழந்தைகளின் பள்ளியில் வேலை பார்க்கிறவள் அல்லவா? பேச்சையும் ஒரு நடத்தையாகப் பார்க்கும் முறை எங்களுக்கு அங்கே பழக்கம். ஒரு சொல் எந்த நேரத்தில் வருகிறது, வந்தால் என்ன கிடைக்கிறது என்றுதான் கவனிப்போம்.

நான் "தண்ணி" என்றால் நீங்களும் "தண்ணி" என்பீர்கள். டம்ளரைக் காட்டி "இது என்னப்பா?" என்றால் அப்போதும் வரும். தாகம் எடுக்கும்போது மட்டும் வராது. அந்த முறைப்படி இதில் ஆச்சரியமில்லை. திருப்பிச் சொல்வது, பெயர் சொல்வது, வேண்டும் என்று கேட்பது மூன்றும் வேறு வேறு செயல்கள். ஒன்று வந்ததால் மற்றது வந்துவிடாது. அதனால் கேட்பதைத் தனியாகப் பழக்க நினைத்தேன். வாயால் கேட்டால் உடனே தண்ணீர். கையைக் காட்டினால் கிடையாது.

உங்களுக்கோ கைதான் பேச்சு. முப்பது வருஷம் சங்கரன்கோவில் விசைத்தறிச் சத்தத்துக்குள் நின்றவர். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் 'நிறுத்து'. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் 'தண்ணி'. தூக்குவாளியோடு தறிக்கூட வாசலில் நின்ற வயதிலேயே எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தேதான் செய்தேன் அப்பா.

"தண்ணி கேக்குத மனுசனுக்கு என்னட்டி பரீச்சை?" என்றாள் அம்மா.

"நீ குறுக்க வராதம்மா. கைக்குக் குடுத்தா வாய் எப்படி வரும்?"

மூன்று முறை உங்கள் கட்டைவிரல் உதட்டுக்குப் போனது. மூன்று முறையும் "வாயால கேளுங்கப்பா" என்றேன். உதடு கோணி நடுங்கியது. சத்தம் வரவில்லை. பிறகு உள்ளங்கையை மெத்தையில் அழுத்தினீர்கள். நிறுத்து. நான் நிறுத்தவில்லை. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அதற்கு நாலாம் நாள் உங்கள் பக்கத்துத் தறிக்காரர் சுடலை அண்ணாச்சி வந்தார். உங்கள் இடது கை பறந்தது. அவரும் பதிலுக்குக் கையை ஆட்டி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏட்டி கோமதி, இவன் பேச மாட்டாம்னு யாரு சொன்னா? வந்ததுலேருந்து என்னைய ஏசிக்கிட்டுல்லா இருக்கான்! நான் அவன் தறியத் தொட்டா எல்லா நூலையும் அறுத்துப் போட்டுருவேனாம்!"

நான் சமையலறைக்கு ஓடினேன். டம்ளரோடு வந்து, "கையாலயே கேளுங்கப்பா, போதும்" என்றேன். போர்வைமேல் உங்கள் கை அசையாமல் கிடந்தது. கொடுத்தேன், குடித்தீர்கள். கேட்கவில்லை.

கேட்டும் கேட்டும் கிடைக்காவிட்டால் கேட்பதே நின்றுபோகும். இது நான் பெற்றோர்களுக்குச் சொல்கிற பாடம். இன்னொருவர் மூலம் காரியம் நடத்தும் எந்த அசைவும் பேச்சுதான், கையசைவும் சேர்த்து. இதையும் அதே முறைதான் சொல்கிறது. புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கோடு போட்டவளுக்கு ஏன் உறைக்கவில்லை? உங்கள் குரலில் "கோமதி" என்று இன்னொரு தடவை காதில் விழவேண்டும் என்று இருந்தது. தாகம் உங்களுக்கா, எனக்கா அப்பா?

இப்போது பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு சிறுமி எங்கள் பள்ளிக்கு வருகிறாள். ஐந்து வயது. பந்து வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து அலமாரிப் பக்கம் இழுப்பாள். 'சொல்லு, அப்பத்தான் தருவேன்' என்பது நாக்கு நுனிவரை வருகிறது. பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொள்கிறேன். நீங்கள் என்னை மன்னித்தீர்களா, இல்லை சலித்துப்போனீர்களா? இனி எந்தக் கையைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்?

என் முன்னால் நீளும் எந்தக் கையையும் இனிக் காக்கவைக்க மாட்டேன் அப்பா. முதலில் கொடுப்பேன். வார்த்தையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட அன்று உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது அம்மா. அதற்குப் பின் பத்தொன்பது நாள் இருந்தீர்கள். அந்தப் பத்தொன்பது நாளும் என்னிடம் நீங்கள் எதையும் கேட்கவில்லை.

உங்கள் மகள்,
கோமதி