கண்ணில் ஒட்டாத சாயம்

என் மகனின் அம்மாவுக்கு,

ஜெக்கிச்சினோன்யா ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கொல்லையில் நான் பிடுங்கி எறிந்த பிக்காவ் செடி சுவரோரம் மறுபடி முளைத்திருக்கிறது.

அந்த இலையை அவித்த தண்ணீரில் அவனைக் குளிப்பாட்டியது என் கைதான். பிறந்த மூன்றாம் நாள் காமாலையில் அவன் உடம்பு மஞ்சள் பூத்தபோது, எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் செய்ததையே செய்தேன். சுகாதார ஊழியர் ஜுரேமா வந்து, அவன் மூக்கை விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

"அது இலைச் சாயம், ஜுரேமா. நாலு நாள்ல போயிடும்" என்று சிரித்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவன் பால் குடிக்காமல் வில்லாக வளைந்த பிறகுதான் போனோம். நீல விளக்கின் கீழ் அவனைப் படுக்க வைத்துக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "தோல்ல சாயம் ஒட்டும், சரி. கண்ணுக்குள்ள எப்படிய்யா ஒட்டும்?"

ரத்தத்தை மாற்றினார்கள். உயிர் தங்கியது. மஞ்சள் தலைக்கு ஏறியிருந்தால் காதைப் பாதிக்கலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு ஒருநாள், தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியபோதும் அவன் அசையாமல் தூங்கியதை நாம் இருவரும் பார்த்தோம். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

நீ அவனைத் தூக்கிக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வருடம். சனிக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் சைகை மொழி படிக்கிறேன். தண்ணீர், ரொட்டி, அப்பா எல்லாம் வந்துவிட்டன. மன்னிப்புக் கேட்க என்ன சைகை என்று ஆசிரியையிடம் கேட்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். மூன்று வாரமாகக் கேட்காமலே திரும்பி வருகிறேன்.

இப்படிக்கு,
அவன் அப்பா