பந்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே

2024 ஒக்ரோபர் 8, செவ்வாய்

நான் சமைக்கிற சைல்ட்கெயார் குசினியில் இன்று பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் பேசாமல் சாப்பிட்டார்கள். ரீச்சர்மார்தான் மூக்கைச் சுளித்தார்கள். பிழை என்னுடையது இல்லை, நிஷானுடையது. பருப்பு கொதிக்கிற நேரம் பார்த்தா மகன் போன் எடுத்து, "அம்மா, என்னை ரீவியிலை நடிக்கக் கேட்டிருக்கினம்" என்று சொல்வான்?

நகைச்சுவைத் தொடராம். அதில் அவன் அவனாகவே வரவேண்டுமாம். பேஸ்போல் ஆட்டக்காரன் நிஷான், பேஸ்போல் ஆட்டக்காரன் நிஷானாக. இதுக்கும் காசு குடுப்பாங்களோ?

தொடரின் பெயரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆகவே இங்கேயும் எழுதவில்லை. டயறி ஒருவர் இல்லைத்தான், என்றாலும்.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

பூசை முடிந்து வெளியில் நின்றபோது ஏழு பேருக்குச் சொல்லிவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை, அதனால் பாவம் இல்லை.

எல்லோரும் ஒரே கேள்வி: "கிரிக்கெட்டோ?" இல்லை, பேஸ்போல். "ஓ…" அந்த 'ஓ'வை நான் பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன். ஏதோ பிள்ளைக்குக் கிரிக்கெட் சரிவராமல் இதற்கு வந்துவிட்டதுபோல. மேற்கு சிட்னி ரீமில் பந்து எறிகிறவன் என் மகன். சம்பளம் வாங்கி எறிகிறவன். அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்குக் காணாது என்றபடியால் கிழமை நாட்களில் மாபிள் கல் விற்கிற கடையிலும் நிற்கிறான். அது வேறு கதை.

தோள் போய்விட்டது. டொக்ரர் சொல்லிவிட்டார். இதுதான் கடைசி சீசன். ஜனவரி கடைசியோடு முடிந்துவிடும்.

அந்தக் கடைசி மச்சுக்கும் நான் போக ஏலாது. எனக்குத் தடை. ரீம் போட்ட தடை இல்லை, மகன் போட்டது.

ஒக்ரோபர் 14, திங்கள்

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. தடை எப்படி வந்தது என்பதை நியாயமாக எழுதி வைக்கிறேன்.

நான் மச்சுக்குப் போனால் செபமாலையோடுதான் போவேன். நிஷான் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் கண்ணை மூடி ஒரு அருள் நிறைந்த மரியே. அவனுக்கு அடிபடக்கூடாது, தோள் நோகக்கூடாது, அவ்வளவுதான் மன்றாட்டு. வீட்டுக்கு வந்தால் என் மனுசன் வலன்ரைன் — அவருக்கு ஞாயிறுகளில் எப்போதும் பஸ் ஓட்டம் — "மச் எப்பிடி?" என்று கேட்கமாட்டார். "இண்டைக்கு எத்தனை செபமாலை?" என்று கேட்பார். ஒன்றரை என்றால் எண்பது பந்து, மகன் நன்றாக எறிந்திருக்கிறான்; அரை என்றால் அவனை நேரத்தோடு மாற்றிவிட்டார்கள். அவருக்கு அதுவே ஸ்கோர்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் அடித்த பந்து திரும்பி வந்து நிஷானின் முழங்காலில் பட்டது. சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன், பிள்ளை நிலத்தில் கிடக்கிறான். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை மற்றவர்கள் எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். வேலி பாய்ந்திருக்கிறேன். சேலையோடு. ஆட்டத்தை நிற்பாட்டினார்கள். அம்பயரை நான் தள்ளவில்லை, அவர்தான் வழியில் நின்றார்.

"இனி வராதீங்கோ அம்மா" என்றான் காரில். அன்றிலிருந்து நான் போகவில்லை.

ஒக்ரோபர் 19, சனி

நிஷான் வந்தான். பயிற்சிக்காக இரண்டு பேரும் இருந்து பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் பார்த்தோம், பேஸ்போல்காரர் வருகிற அத்தியாயங்களை மட்டும் தேடித் தேடி. எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள்! கதவு தட்டுப்படும், வீட்டுக்காரன் திறப்பான், அங்கே ஆட்டக்காரன் நிற்பான். உடனே கைதட்டல். மனுசன் இன்னும் வாயே திறக்கவில்லை, என்னத்துக்குத் தட்டுகினம்?

எல்லோரும் ஒரே மாதிரித்தான். ஸ்ரூடியோவில் மாப்பிள்ளைப் படம் எடுக்க நிறுத்தினதுபோல் நிற்கிறார்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாது. ஒரு வசனம், அதையும் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி. அதற்கும் சிரிப்பு.

"இவைக்கு நடிக்கத் தெரியாதே தம்பி."

"அதுதான் அம்மா ஜோக்" என்றான். "நடிக்கத் தெரிஞ்சா நான் அக்டர். தெரியாட்டித்தான் நான் நிஷான்."

பிறகு தன் காட்சியைச் சொன்னான். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பேஸ்போல் வீரன், என் பந்தை ஒருவராலும் அடிக்க ஏலாது என்று பெருமை பேசுவான். வளவு கூட்டிக்கொண்டு நிற்கும் ஒரு அன்ரி விளக்குமாற்றுத் தடியால் அடித்து அனுப்புவாள். சொல்லும்போது சிரிக்கவில்லை. "போன சீசன் எல்லாரும் என்ரை பந்தை அடிச்சவங்கள். இப்ப அன்ரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

அந்தக் காட்சியில் கூட்டமாக நிற்க அன்ரிமார் வேண்டுமாம்! நிஷானிடம் கேட்டிருக்கிறார்கள், அவன் வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தான். மூன்று நிபந்தனை: வாய் திறக்கக்கூடாது. அவனைப் பிள்ளை, அப்பன், குஞ்சு என்று கூப்பிடக்கூடாது. வேலி பாயக்கூடாது.

எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். இதில் நல்ல பிள்ளையாக நின்று காட்டினால் கடைசி மச்சுக்கு விடுவான். அவன் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் கணக்குப் போடுகிறேன்.

நவம்பர் 2, சனி

எங்கே தொடங்க?

"வீட்டில் உடுக்கிற உடுப்போடு வாருங்கள்" என்று மெசேஜ் வந்திருந்தது. ரீவிக்கு யாராவது வீட்டு உடுப்போடு போவார்களோ? வெள்ளைக்காரர் மரியாதைக்குச் சொல்வது என்று நினைத்து, நாங்கள் எட்டுப் பேரும் காஞ்சிபுரத்தோடு கெல்லிவில்லில் படப்பிடிப்புக்குப் போய் இறங்கினோம். மூன்றாம் வீட்டுச் சிவகௌரி வங்கி லொக்கரைத் திறந்து அட்டியலும் போட்டு வந்திருந்தாள். ஒரு தட்டம் றோல்ஸும் கட்லட்டும் வேறு, வெறுங்கையோடு போக ஏலுமோ?

அங்கே ஒரு வீட்டின் பின்வளவு. பார்பிக்யூ, பிளாஸ்ரிக் கதிரைகள், கொடியில் துவாய். உடுப்புக்குப் பொறுப்பான பிள்ளை எங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். பிறகு கூடாரத்துக்குள் கூட்டிப்போய் ஆளுக்கொரு பூப்போட்ட நைட்டி தந்தாள்.

"இதுக்கோ நான் லொக்கர் திறந்தனான்?" என்றாள் சிவகௌரி. அட்டியலைக் கழற்ற மறுத்துவிட்டாள். நைட்டிக்கு மேல் அட்டியலோடு நின்றாள். டிரெக்டர் அம்மா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்து, "அப்படியே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

அடிக்கிற அன்ரியாக நடிப்பவர் வேதவல்லி, கோயம்புத்தூர்க்காரி, இங்கே மேடை நாடகம் போடுகிறவராம். வசனம் பேசினால் அப்படி ஒரு ஜோர். பந்து வந்தால்தான் பிரச்சினை. நிஷான் மெத்தென்ற பந்தை மெதுவாகப் போட்டுப் போட்டுப் பார்த்தான். தடி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம்.

"வசனமெல்லாம் ஓகேங்க. பந்து வந்தா கண்ணு தானா மூடிக்குது. என்ன பண்றதுன்னே தெரியல" என்றார் என்னிடம். அந்த மனுசியில் எனக்கு உடனே அன்பு வந்துவிட்டது.

வெயில் ஏறியது. நிஷான் தோளைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினான். ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்துப் பிடிக்கிறான். ஐயோ, என்ரை பிள்ளைக்கு நோகுது, ஒருத்தருக்கும் விளங்கேல்லை. ஓடிப்போய் நிற்பாட்டுங்கோ எண்டு சொல்லவோ? வாய் திறக்கக்கூடாது. நைட்டிப் பொக்கற்றுக்குள் கையை விட்டுச் சுருட்டிக்கொண்டு நின்றேன். இவ்வளவு நேரம் நான் வாய் மூடி நின்றது ஞானஸ்நானத்தன்றுகூட இருக்காது.

கடைசியில் டிரெக்டர் அம்மா கேட்டார்: முகம் வேதவல்லியுடையதாக இருக்கட்டும், கை மட்டும் வேறு யாருடையதாவது, அடிக்கத் தெரிந்தவர் உண்டா?

நான் வாய் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. சிவகௌரிதான், "யசிந்தா அக்கா பள்ளிக்கூடத்திலை எல்லே அடிச்சவ! மன்னார் ரீமிலை நிண்டவ!" என்று கத்தினாள்.

நிஷான் திரும்பினான். "என்ன எல்லே?"

அட, இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவே இல்லையோ? எல்லே எங்கள் ஊர் விளையாட்டு: மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது, ஓடும்போது பந்தால் எறிந்து விழுத்துவார்கள். பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

விளக்குமாற்றுத் தடியைத் தந்தார்கள். கனம் சரி, நீளம் சரி. நிஷான் முதல் பந்தைக் குழந்தைக்கு உருட்டுவதுபோல் போட்டான். நான் அடிக்காமல் விட்டேன்.

"ஒழுங்காப் போடு, தம்பி."

"அம்மா…"

"போடு எண்டுறன்."

அவன் இரண்டடி பின்னால் போனான். அப்போதுதான் எனக்கு விளங்கியது: அடிக்கிறவள் கண்ணை மூட ஏலாது. திறந்துகொண்டே நின்றேன். காலைத் தூக்கினான். நாக்கு நுனியை வாயோரத்தில் கடித்தான். ஐந்து வயதில் அ, ஆ எழுதும்போது கடிப்பானே, அதே கடி. பன்னிரண்டு வருடமாக இந்தப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டா எறிகிறான்?

அடித்தேன். பந்து கமராக்காரனுக்கு மேலால் போய் எங்கள் கட்லட் தட்டத்தில் விழுந்தது. கட்லட் பறந்தது. டிரெக்டர் அம்மா கட் சொல்ல மறந்துவிட்டார்.

நிஷான் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தான். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

நவம்பர் 3, ஞாயிறு

கை தூக்க ஏலாது. பூசையில் சிலுவை அடையாளம் போட இடக்கை உதவிக்கு வந்தது.

டிசம்பர் 25, புதன்

நத்தார். நிஷான் வந்தான், தின்றான், செற்றியில் படுத்தான். மச் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மாதாவே, எனக்குள் இவ்வளவு பொறுமையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?

2025 ஜனவரி 15, புதன்

இன்று ஒளிபரப்பு. வீடு நிறையச் சனம், குந்த இடமில்லை. நிஷான் கதவு தட்டுகிற காட்சி வந்ததும் இங்கே எல்லோரும் கைதட்டினோம், அமெரிக்காவில்போலவே. அவனும் அந்த ஆட்டக்காரர்களைப்போலவே நின்றான், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். நல்லாயிருந்தது.

என் பங்கு: இரண்டு கை, ஒரு தடி, நைட்டிக் கையின் பூ. பிறகு வேதவல்லியின் முகம். கட்லட் பறந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். சிவகௌரியின் அட்டியல் தனியாக ஒரு முறை காட்டப்பட்டது, இனி அவளின் பெருமையில் இந்தத் தெருவில் இருக்க ஏலாது.

"கை நல்ல நடிப்பு" என்றார் வலன்ரைன்.

ஜனவரி 18, சனி

நிஷான் தேங்காய் துருவ உதவிக்கு வந்தான். அவனாக வந்தால் ஏதோ இருக்கிறது. துருவிக்கொண்டே, குனிந்தபடி, "அடுத்த ஞாயிறு கடைசி மச். வாறியளோ?" என்றான்.

"வேலி பாயமாட்டன். சத்தியம்."

"வேலி பாய்ஞ்சதுக்கு இல்லை அம்மா." துருவலை நிற்பாட்டினான். "நான் அப்ப ஒவ்வொரு மச்சிலையும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறனான். எப்ப பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பியள். நான் எறியிறதைப் பார்க்க ஏலாமல் இருக்கு எண்டு நினைச்சன். ஒரு மாதிரிப் போச்சு. அதுதான்."

செபம் சொன்னனான் எண்டு சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. உனக்காகத்தானே என்றும் சொல்லவில்லை. தேங்காயை வாங்கி நான் துருவினேன், கண் கலங்கினதுக்கு வெங்காயம்கூடப் பக்கத்தில் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

செபத்தைக் காரிலேயே முடித்துக்கொண்டேன். முழுக்க ஒரு செபமாலை, முன்பணமாக.

முதல் பந்துக்குக் கண் தானாக மூடப் பார்த்தது. வேதவல்லியை நினைத்துக்கொண்டு திறந்தே வைத்திருந்தேன். கால் தூக்கினான், நாக்கைக் கடித்தான், எறிந்தான். வளைந்து போகிறது அந்தப் பந்து! நேராகப் போய் கடைசியில் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்புகிறது. இதையெல்லாமா நான் இவ்வளவு காலம் பார்க்காமல் இருந்தேன்?

தொடர் பார்த்த சனமும் வந்திருந்தது. பின்வரிசைப் பொடியன்கள், "அன்ரியைக் கூப்பிடு, அன்ரியைக் கூப்பிடு" என்று கத்தினார்கள். நிஷான் தொப்பியைக் கழற்றி என் பக்கம் காட்டினான். எழும்பிக் கையைக் காட்டினேன், நடித்தது கைதானே.

ஒருவன் தூர அடித்தான். அடிக்கட்டும், நானே அடித்திருக்கிறேன். பிறகு ஒரு பந்து நேரே அவனிடம் திரும்பி வந்தது. வேலிக் கம்பியைப் பிடித்தேன், இறுக்கிப் பிடித்தேன். அவன் அதைக் கையில் பிடித்தான். பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நான் அவனையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனை மாற்றி எடுக்கும்போது எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள். தோளைப் பிடித்தபடி வெளியில் வந்தான், இந்த முறை ஒளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வலன்ரைன் யூனிபோமோடு கதிரையில் இருந்தார்.

"கடைசி மச் அல்லோ. எத்தனை செபமாலை?"

"தெரியாதப்பா. அது கைப்பைக்குள்ளை கிடந்தது. நான் மச் பார்த்தனான்."

மனுசன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"அப்ப இரும். முதல் பந்திலையிருந்து சொல்லும்."